வரைபடத்தில் இரண்டரை கிலோமீட்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜூலை மாதம். கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். படித்தது இயற்பியல். வீடு நைனார்பாளையத்தில். சாயங்காலம் வீடு திரும்பியதும், எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பேன்.

அந்த மாதம் எங்கள் அலுவலகத்துக்கு ஓர் உத்தரவு வந்தது. கல்வராயன் மலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவரும் வண்டி, இனிமேல் பள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் உள்ள ஊர்களுக்கு மட்டும்தான். எந்தெந்த ஊர் என்று பட்டியல் எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. மொத்தம் நாற்பது ஊர்கள். கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்து, ஊர்மேல் ஒரு புள்ளி, பள்ளிமேல் ஒரு புள்ளி வைத்தால் நடுவில் ஒரு கோடு விழும், பக்கத்தில் எண் வரும். அதைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தவள், நாலரை மணிக்கெல்லாம் முடித்துவிட்டேன். அதிகாரி பாராட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும். மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். தங்கள் ஊருக்கு வண்டி நின்றுவிட்டது என்றார். ஊர்ப் பெயரைப் பட்டியலில் தேடினேன். இரண்டரை கிலோமீட்டர். தகுதி இல்லை.

"ரெண்டரை கிலோமீட்டர்தாங்க. பிள்ளைங்க நடந்தே போயிடலாமே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார். "எந்த வழியா மேடம் ரெண்டரை? அந்த வழிய எங்களுக்கும் காட்டுங்க. நாங்களும் அதுலயே போயிடுறோம்."

திரையை அவர் பக்கம் திருப்பினேன். கோட்டைக் காட்டினேன். சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கோட்டின் நடுவில் விரல் வைத்தார்.

"இது பள்ளம் மேடம். ஆடுகூட இதுல எறங்காது. நாங்க மலைய சுத்திகினுதான் போவணும். எங்க ஊருல மூணு பொம்பளப் புள்ளைங்க வூட்டுலயே நின்னுட்டாங்க. எம் பொண்ணும் அதுல ஒண்ணு. இன்னும் பத்து நாளு போனா மரவள்ளிக் காட்டுல களை வெட்ட இட்டுகினு போயிடுவாங்க. அப்புறம் எங்க பள்ளிக்கூடம்?"

நான் அந்தக் கோட்டை மறுபடி பார்த்தேன். அதற்கு முந்தின நாள்தான் டியூஷனில் இதே பாடத்தை நடத்தியிருந்தேன். கால் நடந்த வழி முழுவதும் தொலைவு. கிளம்பிய இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் நேராக ஒரு கோடு போட்டால் அது இடப்பெயர்ச்சி. இரண்டையும் குழப்பாதீர்கள் என்று பிள்ளைகளை இரண்டு முறை சொல்ல வைத்தேன். அலுவலகத்தில் உட்கார்ந்து நாற்பது ஊருக்கும் நானே குழப்பி வைத்திருக்கிறேன்!

அதிகாரியிடம் போனேன். முழுசாகச் சொல்ல தைரியம் வரவில்லை. என் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் கோப்பு அந்த வாரம் அவர் மேசையில்தான் இருந்தது. "அந்த ஒரு ஊர்ல மட்டும் சந்தேகமா இருக்கு சார்" என்று இழுத்தேன்.

"கம்ப்யூட்டர் சொன்னத நாம எப்படிம்மா மாத்தறது? யாராச்சும் அளந்தாங்களா? அளந்தத எழுதிக் கொண்டா, பாக்கலாம்" என்றார்.

வெளியே காத்திருந்த அந்தப் பெண்ணிடம், "சனிக்கிழமை நான் வரேன். நாமளே அளந்துடலாம்" என்றேன். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை.

சனிக்கிழமை விடியும்போதே ஸ்கூட்டியில் கிளம்பினேன். பக்கத்து வீட்டு மேஸ்திரியிடம் முப்பது மீட்டர் டேப் வாங்கி வைத்திருந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, முதலில் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். அங்கிருந்து தார் சாலை வழியாக அவர்கள் ஊருக்கு வண்டி மீட்டரில் பதினோரு கிலோமீட்டர் வந்தது. குறித்துக்கொண்டேன். ஆனால் பிள்ளைகள் நடப்பது ஒற்றையடிப் பாதையில். அதை அளந்தால்தான் யாரும் மறுபேச்சு பேச முடியாது.

ஊரில் அந்தப் பெண்ணும் அவர் மகளும் மற்ற இரண்டு பிள்ளைகளும் தயாராக நின்றார்கள். டேப்பின் ஒரு நுனியை நான் பிடிக்க, மறுநுனியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் முன்னே நடப்பார். டேப் விறைத்ததும் பாறையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் மகள் நோட்டில் ஒரு குச்சி போடுவாள்.

ஐம்பதாவது கோடு போட்ட இடத்தில் மரங்கள் விலகின. எதிரே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடத்தின் நீலத் தகரக் கூரை பளபளத்தது. கொடிக்கம்பம்கூடத் தெரிந்தது.

"வந்துட்டோமே!" என்றேன்.

மூன்று பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். "இனிமேதான் மேடம் ஜாஸ்தி" என்றாள் மகள்.

அந்த இடத்தில் பாதை பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. ஓர் ஓடையில் இறங்கியது. முழங்கால் அளவுத் தண்ணீரில் டேப்பைத் தலைக்குமேல் பிடித்துக் கடந்தோம். பிறகு வழுக்குப் பாறை, பிறகு மலையின் இடுப்பைச் சுற்றி ஓர் ஏற்றம். நடக்க நடக்க நீலக் கூரை தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தின் அந்த ஒரு பக்கம் அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது; முழங்கால் வலியோடு புரிந்தது.

பள்ளிக்கூட கேட்டின் பூட்டில் டேப்பின் நுனியை வைத்தபோது மணி ஒன்றரை. மகள் குச்சிகளை எண்ணினாள். இருநூற்று நான்கு. ஆறு கிலோமீட்டருக்கும் மேலே நூற்றிருபது மீட்டர்.

"தெனம் ரெண்டு வாட்டி" என்றார் அந்தப் பெண், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

திங்கட்கிழமை அவரும் என்னோடு அதிகாரியின் அறைக்கு வந்தார். நோட்டை வைத்தேன். அதிகாரி புரட்டிப் பார்த்தார்.

"உத்தரவுல தொலைவுன்னு இருக்கு. நீ குடுத்ததும் தொலைவுதானம்மா?"

இதற்குமேல் மறைக்க முடியாது என்று தோன்றியது. "இல்ல சார். நான் குடுத்தது தொலைவே இல்ல. நேர்கோடு. இடப்பெயர்ச்சி. தப்பு என்னோடது சார். இந்த ஊருக்கு மட்டுமில்ல, நாப்பது ஊருக்கும் அப்படித்தான் அளந்தேன்."

"இன்னாம்மா, எனக்குப் பாடம் நடத்தறியா? ரெண்டும் ஒண்ணுதான?"

நான் பதில் தேடுவதற்குள் அந்தப் பெண் சன்னலோரம் போய்க் கீழே பார்த்தார். எங்கள் அலுவலகம் இரண்டாவது மாடி.

"சார், உங்க ஜீப்பு இந்தச் சன்னலுக்கு நேரா கீழ நிக்குது. இருவத்தஞ்சு அடி இருக்குமா? நீங்க வூட்டுக்குப் போவச்சொல்ல இப்பிடியே எறங்கிடுவீங்களா, படி சுத்திப் போவீங்களா?"

அதிகாரி சன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார், நாற்காலி ஆடும் அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்ததும் என்னைப் பார்த்தார்.

"நாப்பது ஊருமா?"

"ஆமா சார்."

"அப்ப நாப்பதையும் அள. ஜீப்ப எடுத்துக்க, ஆளக் கூட்டிக்க. இந்த ஊருக்கு நாளைக்கே வண்டி போவட்டும்."

அடுத்த பன்னிரண்டு நாள் மலையிலேயே கிடந்தோம். ஒவ்வோர் ஊரிலும் யாராவது டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வந்தார்கள். கணக்கு முடிந்தபோது, நான் நீக்கியிருந்த ஊர்களில் ஒன்பதுக்கு மறுபடி வண்டி கிடைத்தது. என் வேலையும் நீட்டிக்கப்பட்டது. கோப்பில் அதிகாரி, "தவறைத் தானே கண்டறிந்து திருத்தினார்" என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

இதற்கெல்லாம் முன்பே, அதிகாரி சொன்னதற்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, நான் அலுவலகம் போக பஸ்ஸுக்கு நின்றபோது அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. "இருங்க மேடம், கேளுங்க" என்று சொல்லிவிட்டு போனை நீட்டிப் பிடித்திருக்கிறார். ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வண்டி வரும் சத்தம், ஹாரன், கூடவே மூன்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும் சத்தம். பஸ் ஸ்டாண்டு நடுவில் நின்றுகொண்டு நானும் கத்திவிட்டேன். பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அவர் மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு, அறிவியல் பிரிவு. நான் இப்போது வேறு அலுவலகத்தில் இருக்கிறேன், பட்டியல்கள் இன்னும் என் கைவழியாகத்தான் போகின்றன. தேர்வில் மார்க் வாங்கியபோதும், வேலைக்கு முதல் உத்தரவு வந்தபோதும் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஆனாலும், "தப்பு என்னோடது சார்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்ற அந்த ஒரு நிமிடத்தைப்போல் நான் ஜெயித்ததாக உணர்ந்தது வேறெப்போதும் இல்லை.