தாங்கும் என்ற ஒரு சொல்

கல்முனையில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த அந்த மனிதரின் விரல்களில் ஒருநாளும் எண்ணெய்க் கறை கண்டதில்லை. வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம். என் பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் குறைந்த செலவில் திருத்தப் போனபோது, ஒரிஜினல் ஒன்றும் மலிவானது ஒன்றுமாக இரண்டு கனெக்டிங் ரொட்களை மேசையில் வைத்தார்.

ஒரிஜினலைத் தொட்டு, "இது தாங்கும்" என்றார்.

"மத்த மலிவுச் சாமான், காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

"அதுவும் இன்ஷா அல்லாஹ் தாங்கும், தம்பி."

மலிவானதைப் போட்டேன். சம்மாந்துறை வீதியில் அது முறிந்து, எஞ்சினைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. உடைந்த துண்டை அவர் முன்னால் எறிந்து கத்தினேன்.

அவர் அதைக் கடதாசியால் பிடித்துத் தள்ளி வைத்தார்.

"நான் இன்ஷா அல்லாஹ்ண்டுதானே சொன்னன்?"

ரொட் போனதை மறந்துவிட்டேன். ஆனால் இப்போது என் மனைவி இன்ஷா அல்லாஹ் என்றாலும் எனக்குச் சந்தேகம் வருகிறதே, அதற்காக அந்த ஆளை மன்னிக்கமாட்டேன்.