கன்னியம்மா போட்ட துளை

பிள்ளைப்பாக்கத்துக் கன்னியம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். 1991இல் அவள் பெருக்கித் துடைத்த கம்பெனியின் வரவேற்பறையில் முதலாளி ஒரு பவளப்பாறை மீன்தொட்டி வைத்திருந்தார். அதற்கு அடியில் இருந்த கீழ்த்தொட்டியிலிருந்து மோட்டார் ஒரு குழாய் வழியே கடல்நீரை மேலே ஏற்றும். கரண்ட் போனால், மேல்தொட்டிக்குள் மூழ்கியிருந்த அதே குழாய் நீரைத் திருப்பி உறிஞ்சிக் கீழே கொட்டும். கீழ்த்தொட்டி பொங்கித் தரையெல்லாம் உப்புநீர் ஓடும். துடைத்துத் துடைத்து அவள் கை வெடித்துப் புண்ணானது.

பீப்பாயிலிருந்து ரப்பர் குழாயில் மண்ணெண்ணெய் இழுக்கும்போது, காற்றுப் புகுந்தால் ஓட்டம் நின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியும். குடைக்கம்பியைக் காய்ச்சி, மேல்தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் துளை போட்டாள். அடுத்த முறை கரண்ட் போனபோது, மட்டம் துளைவரை இறங்கியதும் ஓட்டம் நின்றது. மூன்று மாதம் தரை நனையவில்லை.

"கொயாய்ல தண்ணி பீச்சுது, எவ வேல இது?" என்று மேனேஜர் வசந்தகுமார் துளையைப் பசை வைத்து அடைத்தார்.

மறுநாள் வெளியூர் விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கையில் கரண்ட் போனது. அவர்கள் காலடியில் தண்ணீர் பெருகியது.

"கன்னியம்மா, துணி எட்தா."

எடுத்து வந்தாள். வசந்தகுமார் கையிலேயே கொடுத்தாள்.

"நான் ஓட்ட போட்டேன், தண்ணி நின்னுச்சு. நீ அடச்ச சார், நீயே தொடச்சிக்கோ."