பழுதாகாத பம்ப்

அக்கா இறந்த அன்று, தம்பியான நான் அவள் உடல்மேல் போர்த்த வேண்டிய பிறந்தவீட்டுக் கோடிச்சேலையோடு பழைய காரில் நரிக்குடிக்குப் புறப்பட்டேன். பரளச்சி தாண்டி உச்சிவெயிலில் வண்டி நின்றது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் ஏறவில்லை. பம்ப் போய்விட்டதென்று நானே முடிவுகட்டி, அருப்புக்கோட்டை மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

“சூடு ஆறுனதும் ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீகளாண்ணே?”

“புதுப் பம்ப்பக் கொண்டு வாய்யா!” என்று கத்திவிட்டு வைத்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தவர், நாலைந்து தடவை சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பிவிட்டது.

“வெயில்ல பம்ப்பு சூடாகி பெட்ரோலு ஆவியாயிருக்கும்ணே. ஆறவிட்டாலே போதும்.”

நான் போய்ச் சேர்வதற்குள் அக்காவை எடுத்துவிட்டார்கள். “ரொம்ப நேரம் பாத்தோம், மாப்ள,” என்றார் மச்சான்.

கார் இன்றும் அதே பம்ப்பில்தான் ஓடுகிறது. பின்சீட்டில் அந்தச் சேலை மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.