ஊரே கொட்டுகிற பாலம்

சின்னமனூர் பக்கத்து வாய்க்காலில் கால் வைத்தாலே முனீஸ்வரிக்கு வாயில் வசவு வந்துவிடும். கடைமடையில் அவளுக்கு ஒன்றரை ஏக்கர் வாழை. தார் விடுகிற நேரம். இந்த முறைத் தண்ணீர் தவறினால் காய் திரளாது, வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். தண்ணீரோ போன முறையே மேலே சின்னப் பாலத்தோடு நின்றுவிட்டது. பாலத்துக்கு அடியில் அடைத்துக் கிடந்தவை, வாழைத்தாருக்கு மாட்டுகிற நீல பிளாஸ்டிக் கவர்கள். தாரை வெட்டியதும் கவரை உருவி வாய்க்காலில் வீசுகிற புண்ணியவான்கள் எல்லாரும் வாழைக்காரர்கள்தான். தண்ணீர் வரவில்லையென்று அதிகாரியைத் திட்டுகிறவர்களும் அவர்களேதான்.

தொண்டை வற்றக் கத்திப் பார்த்தாள். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆத்திரத்தில் ஒரு பழைய தகரத்தில் சிவப்பு பெயிண்டால் எழுதிப் பாலத்தில் கட்டினாள்: ‘ஊரே இங்கேதான் கவரைக் கொட்டுகிறது. வெட்கமாக இல்லையா?’

வெட்கமாவது ஒன்றாவது! அதுவரை ஒன்றிரண்டாக வீசியவர்கள் தகரத்துக்குக் கீழேயே மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். மேல்மடை முத்துப்பாண்டியைக் கையும் களவுமாகப் பிடித்தாள்.

“ஏலே, கண்ணு அவிஞ்சா போச்சு? எழுதிப் போட்டிருக்குல்ல?”

“படிச்சுட்டுத்தேன்க்கா போடுறேன். ஊரே கொட்டுதுன்னு நீங்கதான எழுதியிருக்கீக? நான் ஒருத்தன் கொட்டாட்டி மட்டும் தண்ணி வந்துருமாக்கும்?”

அவளுக்கு அவன் திமிரைவிட, தானே பெயிண்ட் வாங்கி அவனுக்கு அனுமதி எழுதிக் கொடுத்ததுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

மறுநாள் விடியும் முன்னே தகரத்தைப் பிடுங்கப் போனாள். வழியில் பக்கத்துத் தோட்டத்து ஹக்கீம் பாய், வெட்டின தாரின் கவர்களை மடித்துச் சாக்கில் திணித்து, தள்ளுவண்டியில் வைத்து, மேலே வாழை இலையைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

“எங்க பாய் கொண்டு போறீக?”

“வீட்டுக்குத்தேன். நல்லது அடுத்த தாருக்கு ஆகும், கிழிஞ்சது பழைய பிளாஸ்டிக் கடைக்கு. எப்பவும் இப்படித்தேன். அடுத்த தோட்டத்துப் பிச்சைமணியும் இப்படித்தேன்.”

“பெறகு எலைய ஏன் மூடுறீக?”

“கவர் பொறுக்குற பாயின்னு பாத்தவுக சிரிப்பாக, தாயி.”

முனீஸ்வரிக்கு ஏறியது பாருங்கள் கோபம்! முத்துப்பாண்டி மேல்கூட அப்படி வந்ததில்லை.

“கொட்டுறவன் பட்டப்பகல்ல கொட்டுறான். நல்லது செய்யுற நீங்க திருடன் கணக்கா ஒளிச்சுக் கொண்டு போறீக! கண்ணுல பட்டது அவுகதேன். ஊரே கொட்டுதுன்னு முத்துப்பாண்டியும் நெனச்சான், நானும் நெனச்சேன்!”

இலையைப் பிடுங்கி வீசினாள். வெயில் ஏறட்டும் என்று காத்திருந்து, டீக்கடையில் கூட்டம் சேர்ந்ததும் நீல மூட்டையோடு பாயின் வண்டியைக் கடைக்கு முன்னால் உருட்ட வைத்தாள். பாய் தலையைத் தூக்கவில்லை. யாரோ கனைத்தார்கள். அவள் முறைத்த முறைப்பில் கனைப்பு நின்றது. பெஞ்சில் இருந்த பிச்சைமணி கூச்சத்தோடு எழுந்தார்.

“நம்ம வீட்லயும் ரெண்டு மூட்டை கெடக்கு, பாய். சேந்தே போவோம்.”

தண்ணீர் முறைக்கு முந்தின நாள் மாலை, தகரம் இல்லாத பாலத்தில் முத்துப்பாண்டி வண்டியிலிருந்து மூட்டையை இறக்கி வைத்து நின்றான். ரோட்டில் பாயும் பிச்சைமணியும் நீல மூட்டைகளோடு போனார்கள். பின்னால் இன்னொரு வண்டியிலும் நீலம் தெரிந்தது. அவன் மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றினான். பார்த்தால், பின்னாலேயே முனீஸ்வரி.

“சும்மா... எறக்கி வச்சேன்க்கா.”

மெச்சுவாள் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. அவள் மண்வெட்டியை அவன் காலடியில் போட்டாள்.

“போனவாரம் போட்டத உங்கப்பனா வந்து எடுப்பான்? எறங்குலே!”

இறங்கினான்.