வலது காதில் வராத பாட்டு

திருமுடிவாக்கத்தில் தகடு வெட்டும் பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக சூப்பர்வைசராக இருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் பாட்டு, அவ்வளவுதான். போனோடு ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர் போதும் என்றிருந்தவனுக்குப் போன வருடம் ஸ்ட்ரீமர் ஆசை வந்தது. போனின் தயவில்லாமல், இணையத்திலிருந்து பாட்டை நேராக இழுத்துத் தரமாகக் கொடுக்கும் பெட்டி. யூடியூபில் விமர்சனங்களாகப் பார்த்து மூன்றைக் குறித்து வைத்திருந்தேன்.

கூடுவாஞ்சேரியில் ஒருவர் தன் வீட்டு மாடியிலேயே இவற்றை விற்கிறார். கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து மனைவியோடு போனேன்.

முதல் பெட்டியில் ஹெட்ஃபோனைச் செருகி என் தலையில் மாட்டினார். "கண்ண மூடிட்டுக் கேளுங்க சார்."

கேட்டேன். "வலதுபக்கம் சத்தமே வரலையே?"

அவர் வாங்கி மாட்டிப் பார்த்தார். "வருதே சார்." ஒயரைக் கழற்றித் துடைத்துச் செருகினார். வரவில்லை. இரண்டாவது பெட்டிக்கு மாற்றினார். அதிலும் அப்படியே. எனக்கு எரிச்சல் வந்தது. "இவ்ளோ தூரம் வரச்சொல்லிட்டு ஓட்ட ஹெட்ஃபோனக் குடுத்தா எப்படிங்க?"

மனைவி வாங்கி மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கேட்டாள். "ஏங்க, ரெண்டு பக்கமும் நல்லா வருதுங்க."

விற்பவர் ஹெட்ஃபோனை இடம் வலமாகத் திருப்பி எனக்கு மாட்டினார். பாட்டு இடது காதில் தெளிவாகக் கேட்டது. வலது பக்கம் ஒன்றுமில்லை. அப்போதுதான் கோளாறு ஹெட்ஃபோனில் இல்லை, என் காதில் என்று புரிந்தது. அவர் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

மறுநாளே காது டாக்டரிடம் போனோம். வலது காது நரம்பு அநேகமாகப் போய்விட்டது, திரும்ப வராது என்றார். பட்டறைச் சத்தத்தாலா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார். எப்போதிலிருந்து என்று அவர் கேட்டார். போன் பேசுவது இடது காதில். வீட்டில் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர். எப்படித் தெரியும்?

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது மனைவி அழுதாள்.

"சாப்புடறப்ப உங்களுக்கு வலதுபக்கந்தான உக்காருவேன். ஏதாவது சொன்னா பதிலே வராது. வேணும்னுதான் பேசாம இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"எத்தன நாளா?"

"நாளா? மூணு நாலு வருஷம் இருக்கும்ங்க."

டாக்டர் சொன்னதைவிட இதுதான் என்னை உலுக்கியது. சாலை என்றும் பார்க்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஸ்கேனில் பயப்படும்படி ஏதுமில்லை. விஷயத்தைச் சொன்னதும் கூடுவாஞ்சேரிக்காரர், "ஒரு காதுலயே முழுப் பாட்டும் கேக்கற மாதிரி ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக் கலந்து குடுக்கற வசதி மூணுல ஒண்ணுலதான் இருக்கு சார். மத்த ரெண்டும் உங்களுக்கு வேணாம்" என்றார். அதையே வாங்கினேன். அவரே வந்து மாட்டிக் கொடுத்தார்.


முதல் பாட்டு ஓடும்போது மனைவி என் இடதுபக்கம் வந்து உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதையை ஆரம்பித்தாள். பாட்டை நிறுத்திவிட்டேன்.