நெல்லிக்காயும் பஸ் புகையும்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில், நிலக்கோட்டை பஸ்ஸின் பின் ஜன்னலுக்குக் கூடையைத் தூக்கிப் பிடித்து ஒரு பெரியவர் நெல்லிக்காய் விற்பார். எழுபதைத் தாண்டியவர், பொக்கைவாய். கரும்புள்ளி விழுந்த காய் எனக்கு ஆகாது. தினமும் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துத்தான் எடுப்பேன். இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள், டாக்டர் எனக்குச் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"புகையும் வெயிலும் பட்டா, இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி உடம்பு உள்ளுக்குள்ள கெட்டு, சீக்கிரம் மூப்பு வந்துருமாம். நெல்லிக்காய் அதைக் குறைக்குமாம். நீங்களும் தினம் ரெண்டு சாப்பிடுங்கய்யா."

"பல்லு இருந்தா நானே தின்னுருக்க மாட்டேனா? ஒனக்கு எதுக்குத் தாயி விக்கிறேன்?" என்று சிரித்தவருக்கு இருமல் வந்துவிட்டது. அது அடங்கியதும், "செத்த வெரசாப் பொறுக்கு தாயி. நீ முடிக்கிறதுக்குள்ள இந்தப் புகை என் ஆயுசுல பாதியத் தின்னுபுடும்" என்றார்.

இத்தனை நாளும் என் உடம்புக்காக அவரை அந்தப் புகையில் நிறுத்தி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் அவர் வந்ததும், சீக்கிரம் விலகிப் போகட்டும் என்று, வேண்டாமெனக் கையசைத்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

"நேத்துச் சொன்னதுக்குக் கோவமா தாயி? வெளையாட்டுக்குச் சொன்னேன். எம்புட்டு நேரம் வேணும்னாலும் பொறுக்கிக்க."

பஸ் கிளம்பும்வரை அவர் அந்தப் புகையை விட்டு நகரவில்லை.