பதுக்க முடியாத அரிசி

எதிர்க்கடையில் எங்கள் முத்திரை குத்திய அரிசிப் பைகள் கூரை வரை அடுக்கியிருந்ததைப் பார்த்தபடி முதலாளியம்மா நின்ற காலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பெரிய யுத்தம் முடிந்த மறுவருடம் அது. பினாங்குத் தீவின் டத்தோ கிராமாட் சாலையில் கணவர் விட்டுச்சென்ற அரிசிக்கடையை அவர் நடத்தினார், நான் கணக்குப்பிள்ளை. ரங்கூன் கப்பல்கள் நின்றுபோய், ஊரெங்கும் விலை நாளுக்கு நாள் ஏறியது. எதிர்க்கடைத் தரகர் எங்கள் கிடங்கு மொத்தத்தையும் மும்மடங்கு விலைக்குக் கேட்டார். அம்மா மறுத்து, பழைய விலைக்கே சனங்களுக்கு விற்றார். தரகரோ கூலிக்கு ஆள்பிடித்து வரிசையில் நிறுத்தி, அதே அரிசியில் பாதியை வாங்கிப் பதுக்கிவிட்டார்.

"நாமளும் விலைய ஏத்திடலாம்மா," என்றேன்.

அவர் எதிர்க்கடைப் பைகளிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, "அரிசின்னாதானே பதுக்குவான்? சோறாக்கிட்டா எத்தன நாளு தம்பி வெச்சிருப்பான்? போய், பெரிய கிடாரமா பாத்துக் கேட்டு வாங்கிட்டு வா," என்றார்.

நான் கிளம்பினேன். பள்ளிவாசலில் ஒரு கிடாரம் தந்தார்கள், கோவிலில் இன்னொன்று. சீன விறகுக்கடைக்காரர் வண்டி நிறைய விறகோடு தானே வந்து அடுப்புப் பக்கம் நின்றுகொண்டார். மறுநாளிலிருந்து எங்கள் கடையில் அரிசி இல்லை, சோறுதான். அரிசியின் பழைய விலைக்கே. துறைமுகக் கூலிகளும் ரிக்‌ஷா இழுப்பவர்களும் அங்கேயே உட்கார்ந்து உண்டார்கள். பெண்கள் வீட்டுக்குப் பாத்திரத்தில் வாங்கிப்போனார்கள். தரகரின் ஆட்களும் வெறும் பைகளோடு வந்து திகைத்து நின்றார்கள். அம்மா அவர்களைத் திட்டவில்லை. "உக்காருங்கப்பா, ஆறிடப் போவுது," என்றார். அவர்கள் பைகளை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலைநிமிராமல் சாப்பிட்டார்கள்.

அந்த வருடம் கடைக்கு லாபமே இல்லை. பின்னாளில் பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்தேன். சந்தை கேட்கும் விலையை யாராலும் மாற்ற முடியாதென்று படித்தவர்கள் அங்கே அடித்துப் பேசுவார்கள். மாற்றியவரை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடக் கடைசியில் ஒரு மத்தியானம், ரங்கூன் கப்பல் வந்துவிட்டதென்று துறைமுகத்திலிருந்து ஆள் ஓடிவந்து சொன்னான். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ரெண்டு வாய் சோறு இருக்கா தம்பி?" என்றார். அவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு கிடாரங்களும் துடைத்துக் கிடந்தன.

அடுப்படியில் அப்போதுதான் உண்ண உட்கார்ந்திருந்த விறகுக்கடைக்காரர் தன் இலையைப் பாதியாகக் கிழித்து, தொடாத பக்கத்துச் சோற்றை அம்மா முன்னால் வைத்தார்.